நீறு பூத்த நெருப்பு

முதுகலை வகுப்பில் குறுந்தொகையின் 167ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். கூடலூர் கிழார் பாடியது. தமிழ் படித்தவர் எவரும் மறக்கமுடியாத முல்லைப் பாட்டு. புதிதாய் மணமான பெண் கட்டித்தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் படியப் படியக் குழம்பு வைக்கிறாள். நன்றாயிருக்கிறதென்று கணவன் உண்கிறான். அவள் முகம் வெளியே தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அந்த மலர்ச்சியை விளக்க வந்த நான், 'நீறு பூத்த நெருப்புப் போல உள்ளே கனிந்திருக்கும் மகிழ்ச்சி' என்றேன். இருபது ஆண்டுகளாக அந்த இடத்தில் அதையேதான் சொல்லிவருகிறேன்.

முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நீறு பூத்த நெருப்பு பார்க்க எப்படியிருக்கும்?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள். வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்து மூன்று பேரில் இருவர் மட்டும் பார்த்திருந்தார்கள். ஒருவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பார்பிக்யூ உணவகம் ஒன்றில். மற்றவனுடைய தந்தை இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். எஞ்சியவர்களுக்கு அது வெறும் மரபுத்தொடர். பொருள் தெரியும், தேர்வில் எழுதுவார்கள், கண்ணால் கண்டதில்லை.

இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வீடுகளில் எரிவாயு அடுப்பு இருக்கிறது, அது நல்லது. ஆனால் அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. சாம்பல் மூடிய அந்தத் தணல் நமக்கு உவமையாவதற்கு முன்பே சமையலில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையாக இருந்திருக்கிறது. அதை அறிந்து பயன்படுத்திய ஒருவரை 2025 தை மாதத்தில் ஆற்று மணலில் வேலை செய்யக் கண்டேன். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

சோரியாங்குப்பம் என் தாயின் ஊர். பாகூர் கொம்யூனின் தென்கோடியில், தென்பெண்ணையின் கரையில் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் கடலூர் மாவட்டம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி காண்பார்கள். மணலில் கடை விரித்துச் சுருளிக்கிழங்கும் சிறுவள்ளிக்கிழங்கும் குவித்து விற்பார்கள். அந்த ஆண்டு, வெள்ளம் வந்துபோய் ஒன்றரை மாதமே ஆகியிருந்தது. கரையோரச் சவுக்கில் ஆளுயரத்துக்குச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

திருவிழாக் கூட்டத்துக்கு எட்டத்தில், தோப்போரமாக, என் பழைய மாணவர்கள் மூவர் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது சென்னையில் கணினி வேலை பார்ப்பவர்கள். இணையத்தில் வாங்கிய 'கேம்ப் ஓவன்' ஒன்றைக் காரில் கொண்டுவந்திருந்தார்கள். வார்ப்பிரும்புச் சட்டி. பன்னிரண்டு அங்குல விட்டம், மூன்று குட்டைக் கால்கள், மேலே தணல் கொட்டினால் சரிந்து விழாதபடி விளிம்பு உயர்த்திய கனத்த மூடி. ஒன்பது கிலோவுக்குக் குறையாது. உள்ளே மசாலா தடவிய கோழியும் உருளைக்கிழங்கும். சவுக்கு விறகு ஆளுயரம் கொழுந்துவிட்டு எரிய, அதன் நடுவிலேயே சட்டியை இறக்கிவிட்டார்கள். கால்மணி நேரத்தில் அடி கருகிய நாற்றம் வந்தது. திறந்தால் மேற்பகுதி பச்சையாகவே இருந்தது.

என்னோடு வந்திருந்த பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். எழுபதைத் தாண்டியவள்.

"இன்னாப்பா இது, கொழுந்து மேல சட்டிய வெச்சிக்கினு நிக்கிறீங்க? அடி தீயும், மேல வேவாது."

"வீடியோல இப்பிடித்தான் ஆயா காட்டினாங்க."

"வீடியோல பொகை கண்ணுல படாதில்ல" என்றவள், சட்டியை இறக்கச் சொன்னாள். பிறகு முக்கால்மணி நேரம் ஒன்றுமே செய்யவிடவில்லை. விறகு எரிந்து கொள்ளியாகி, கொள்ளி உடைந்து கங்காகி, கங்கின் சிவப்பு மங்கி மேலே வெள்ளைப் பூச்சு படரும்வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பையன்களில் ஒருவன் இடையில் இரண்டுமுறை ஊதப் போய் வசை வாங்கினான். பிறகு அவள் தணலுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டி வாய்க்குள் எண்ணினாள். ஐந்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் கோழிக்குச் சரி, பத்துவரை தாங்கினால் பால் காய்ச்சத்தான் ஆகும் என்றாள். சட்டிக்கு அடியில் கொஞ்சமாய், அதுவும் நடுவில் விடாமல் வட்டமாகப் பரப்பச் சொன்னாள். மிச்சமெல்லாம் மூடியின் மேல். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கீழே, இரண்டு பங்கு மேலே. வீட்டுக்கு வந்தபின் அந்தச் சட்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை வாங்கிப் படித்தேன். அதே கணக்குத்தான் போட்டிருந்தது.

இதன் காரணம் எளிது. சட்டியின் அடி உணவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே சிறிய சூடும் நேராக ஏறும். மூடிக்கும் உணவுக்கும் நடுவே காற்று இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டி மேற்பரப்பைச் சிவக்கவைக்க இரட்டிப்பு நெருப்பு வேண்டும். வார்ப்பிரும்பு அலுமினியத்தைப் போலச் சூட்டை விரைந்து கடத்தாது, ஆனால் கனத்தினால் ஏற்ற சூட்டை வெகுநேரம் பிடித்துவைக்கும். அதனால்தான் இதில் அவசரப்பட்டவன் கெட்டான். ஓரிடம் கருகும், பக்கத்து இடம் குளிர்ந்திருக்கும். மெல்லச் சூடேறவிட்டால் சட்டி முழுவதும் ஒரே அடுப்பாகிவிடும். இரண்டாம்முறை மிச்சக் கோழி எப்படி வந்தது என்பதை எழுதினால் இது உணவுக் கட்டுரையாகிவிடும். விட்டுவிடுகிறேன். மூவரும் பேசாமல் தின்றார்கள் என்பது மட்டும் போதும்.

மூடிமேல் நெருப்புப் போடும் வித்தை பெரியம்மாவுக்கு எங்கிருந்து வந்தது? நம் வீட்டு அடுப்பில் அந்த வழக்கம் பெரும்பாலும் இல்லை. நான் கேட்டபோதுதான் சொன்னாள். பெரியப்பா இறந்த பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கடலூரில் பிரியாணி மாஸ்டர் ஒருவரின் குழுவோடு கல்யாண வேலைக்குப் போயிருக்கிறாள். வெங்காயம் உரிப்பது, பாத்திரம் விளக்குவது, பிறகு 'தம்' போடும் நேரத்தில் அடுப்பிலிருந்து தணலை வாரித் தேக்சாவின் மூடிமேல் பரப்புவது. எவ்வளவு பரப்புவது, எப்போது வழித்தெடுப்பது என்பதெல்லாம் அவள் கைக்கணக்கு. பெயர்ப்பலகையில் மாஸ்டர் பெயர். அவளுக்கு நாள்கூலி, மிச்சமிருந்தால் ஒரு தூக்குச்சட்டிப் பிரியாணி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் அவள் வீட்டுக்குப் போய்வருகிறேன். இதை நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் 'எல்லாம் நம்மிடமே இருந்தது, வெள்ளைக்காரன் பெயர் மாற்றி விற்கிறான்' என்று தொடங்கிவிடுவார்கள். அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. இரும்பில் நமக்குப் பெரும் பழமை உண்டு. ஆனால் நம் கொல்லர் செய்தது பெரும்பாலும் உருக்கி அடித்த இரும்பு. மணல் அச்சில் இரும்பை வார்த்து மலிவாகச் சட்டி செய்ய 1707இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆபிரகாம் டார்பி. ஆஸ்திரேலிய மாட்டுக்காரரும் தென்னாப்பிரிக்க வண்டிக்காரரும் தூக்கிச் சென்ற சட்டிகள் அந்த வழியில் வந்தவை. பிரெஞ்சு மொழியில் 'ப்ரேஸ்' என்றால் தணல். மூடிமேல் தணலிட்டு மெல்ல வேகவைப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அந்தச் சொல்லிலிருந்தே பிறந்தது. 1954 நவம்பர் முதல் நாள்வரை பாகூரை ஆண்டவர்கள் அவர்கள். புதுச்சேரிக் கிறித்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ரவையில் செய்யும் விவிக்கம் கேக்கை, ஓவன் வாங்கும் வசதி வரும்வரை, மேலும் கீழும் கரி போட்டே வேகவைத்ததாக என்னோடு பணியாற்றும் ஆசிரியை சொல்லியிருக்கிறார். திருவல்லிக்கேணியில் விற்கும் தம்ரூட்டின் பெயரிலேயே 'தம்' இருக்கிறது. யார் யாரிடம் கற்றார்கள் என்று வழக்காடுவதில் பயனில்லை. தணலும் மூடியும் இருந்த இடத்திலெல்லாம் யாரோ ஒருத்தி இதைக் கண்டுபிடித்திருப்பாள்.

வார்ப்பிரும்புக்கும் நம் கடற்கரைக்கும் வேறொரு உறவும் உண்டு, அது அவ்வளவு பெருமைக்குரியதில்லை. இங்கிருந்து தெற்கே போனால் வரும் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது. எரிபொருள் முழுக்க மரக்கரி. இங்கிலாந்துவரை ஏற்றுமதியான இரும்பு அது. கரிக்காகக் காடுகள் அழிந்தன. மரம் தொலைவில் போகப் போகச் செலவு ஏறியது. அந்த நூற்றாண்டு முடியுமுன் ஆலை இல்லாமலாயிற்று. கரி என்பது வெட்டப்பட்ட மரம் என்பதை, 'இயற்கை எரிபொருள்' என்று இன்று விளம்பரம் செய்பவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணை கரைமீறிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. பெரியம்மா பக்கத்து வீட்டு மாடியில் பதினொரு பேரோடு இரண்டு நாள் இருந்தாள். மின்சாரம் இல்லை, ஆகவே இன்டக்‌ஷன் அடுப்பு வெறும் பலகை. வெள்ளத்தில் மிதந்த சிலிண்டரைப் பற்றவைக்க எவருக்கும் துணிவில்லை. விறகு ஊறிப்போயிருந்தது. தெருக்கோடி இஸ்திரிக்காரர் தம் தள்ளுவண்டியிலிருந்து காப்பாற்றி மாடியேற்றியிருந்த ஒரு சாக்குக் கொட்டாங்குச்சிக் கரி மட்டும் உலர்ந்திருந்தது.

மூன்று செங்கல், ஒரு பழைய இரும்புச் சட்டி, அந்தக் கரி. படகில் உணவுப் பொட்டலம் வந்து சேரும்வரை பதினொரு பேருக்கும் கஞ்சியும், கைக்குழந்தைக்குப் பாலும் காய்ச்சினாள். தணலை அணையவிடாமல், வீணாக எரியவும் விடாமல், சாம்பலைப் போர்த்தி இரவெல்லாம் வைத்திருந்து காலையில் கிளறி எடுத்தாள். அந்த மாடியில் பட்டதாரிகள் நால்வர் இருந்தார்கள். நெருப்பைத் தூங்கவைத்து எழுப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் அன்று வேறு ஊரில் விசேஷம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதுவரை படித்தவர் நான் விறகடுப்புக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணக்கூடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உண்மையிலேயே வாங்கினேன். ஒரு சிற்றிதழில் என் தாயின் அடுப்படியைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். கொடியடுப்பில் சுண்டும் பால், ஊதாங்குழலின் ஓசை, வரட்டி மணம் என்று நினைவேக்கம் ததும்ப எழுதியது. பலர் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள். எல்லோரும் ஆண்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கற. இருமலைப் பத்தி ஒண்ணும் எழுதலியே?" என்றாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து மூச்சடைப்பு நோயில் அவள் போய்ச்சேர்ந்தாள். முதல்முறை பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இவங்க சிகரெட் பிடிப்பாங்களா?" என்பது. சன்னலில்லாத அடுப்படியில் நாற்பது ஆண்டு. வீட்டு அடுப்புப் புகையினால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அம்மா எந்த ஆண்டுக் கணக்கில் சேர்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கரி புகையாது, ஆகவே தீங்கில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். அடைத்த அறையில் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும். குளிருக்காக அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கியவர்களின் செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கூடலூர் கிழாரின் பாட்டுக்கு இங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது. அவர் புகையை மறைக்கவில்லை. மையிட்ட கண்ணில் அது படிந்ததை எழுதிவைத்திருக்கிறார். மறைத்தது நாங்கள், ஆசிரியர்கள். 'இல்லறத்தின் இனிமை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு முகமலர்ச்சிக்குத் தாவிவிடுகிறோம். நடுவிலிருக்கும் கண்ணெரிச்சலுக்கு வினாத்தாளில் மதிப்பெண் இல்லை. 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்ற பழமொழியை மூடநம்பிக்கைக் கணக்கில் கண்டிக்கிறோமே தவிர, அடுப்பு ஊதுவதே ஒரு படிப்புத்தான் என்று அதைப் பதிலுக்குக் கேட்டவர் யாருமில்லை.

ஆகவே என் கருத்து இது. ஆற்றுமணலில் இரும்புச் சட்டி வைத்துச் சமைக்கும் பையன்களை நான் கேலி செய்யமாட்டேன். திறந்தவெளி, மாதத்தில் ஒருநாள், தானாக விரும்பி ஏற்ற வேலை, ஆண்கள் குனிந்து ஊதுகிறார்கள். நெருப்பின் நல்ல பக்கம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கிறது. அது எல்லோருக்கும் கிடைக்கட்டும். எனக்கு உடன்பாடில்லாதது வேறு. கடற்கரை விடுதிகள் சிலவற்றில் 'பாரம்பரிய விறகடுப்புச் சமையல்' என்ற பலகைக்குக் கீழே, கூரை தாழ்ந்த குடிசைக்குள், சேலை கட்டிய ஒருத்தியைப் புகையில் உட்காரவைத்து விருந்தினர் படமெடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சமையல் பண்பாட்டின் மீட்சி என்று நம் எழுத்தாளர்களும் எழுதுகிறார்கள். மறுபுறம், எரிவாயு வந்ததோடு இந்த அறிவின் தேவையும் போயிற்று என்று கைகழுவுகிறவர்கள். இந்த இரு கூட்டத்தாரும் பெரியம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

கேட்டால் கிடைப்பது கொஞ்சமில்லை. இரும்புச் சட்டியை 'பழக்குவது' என்று அவள் சொல்கிறாள். மாட்டையும் குழந்தையையும் பழக்குகிற அதே சொல். கஞ்சித்தண்ணீர் ஊற்றி இரண்டு நாள், எண்ணெய் தடவித் தணல்மேல் கவிழ்த்து ஒரு நாள், பிறகு வெங்காயம் வதக்கி அதைக் கொட்டிவிடுவது. எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகிறது என்று வேதியியல்காரர் சொல்வதை அவள் 'சட்டிக்குத் தோல் வந்துட்டுது' என்கிறாள். பழகாத சட்டியில் புளி ஊற்றக் கூடாது, பழகியதிலும் இரவு வைத்திருக்கக் கூடாது. புளிப்பு இரும்பைக் கரைத்துச் சோற்றோடு உடம்புக்குள் அனுப்புகிறது என்பதில் கொஞ்சம் நன்மையும் உண்டு. 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்புச் சட்டி மட்டும் அதைத் தீர்த்துவிடும் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பவேண்டாம். ஆனால் அலுமினியத்துக்கு மாறியபோது இதையும் சேர்த்தே விட்டோம்.

சொற்களின் கதையும் இதுதான். கொழுந்து, கொள்ளி, கங்கு, தணல், நீறு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் (1924–36) இவையெல்லாம் இருக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகப் புரட்டிப் புரட்டிக் காட்டியிருக்கும். அவள் வாயில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள். கொழுந்தில் தண்ணீர் கொதிக்கவைக்கலாம், கங்கில் கிழங்கு சுடலாம், தணலில் கறி, நீறு பூத்தபின் பால். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி செய்துவிட்டு, பிறகு நம் புதுச்சேரிக்கு வந்து 2021இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். பெண்ணைக் கரைக்கும் அப்படியொன்று வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் பேசினேன். மாணவர்கள் ஊர் ஊராகப் போய், அடுப்படிச் சொற்களை அளவோடும் செய்முறையோடும் பதிவு செய்யவேண்டும், சொல்கிற பெண்களுக்குத் தகவலாளர் ஊதியம் தரவேண்டும் என்றேன். "இது மனையியல் துறைக்குப் போகவேண்டியது, நமக்கெதற்கு?" என்றார் ஒருவர். ஊதியம் என்ற சொல்லில் இன்னொருவர் சிரித்தார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல், வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியும் இஸ்திரிக் கடைக்காரர் மகனும் ஒரு சனிக்கிழமை சோரியாங்குப்பம் போனார்கள். நான் உடன் செல்லவில்லை. சொந்தக்காரன் இருந்தால் கூலி கேட்கமாட்டாள் என்பதால். முதலில் அவர்களைக் கையை நீட்டி எண்ணச் சொல்லியிருக்கிறாள். மாணவி ஏழுவரை தாங்கினாளாம். பிறகு உட்காரவைத்து, "கல்யாண வேலைக்கு அப்ப நூத்தம்பது குடுப்பாங்க. இது பேசுற வேலைதானே, இன்னா குடுப்பீங்க?" என்று பேரம் பேசியிருக்கிறாள். நானூறில் முடிந்தது. சொல்பட்டியலின் முதல் பக்கத்தில் முப்பத்தோரு சொற்கள் இருக்கின்றன. ஆறு சொற்கள் எந்த அகராதியிலும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.